வினாகிரி வாங்கப் போன மகன்

ஜேர்மனியில் மார்க் போய் ஒய்ரோ காசு வந்த புதிதில், கொலோனுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த சின்ன நகரத்தில் ஒரு சீனர் மரக்கறிக்கடை வைத்திருந்தார். மெலிந்த மனிதர். மிச்சக் காசைக்கூட இரண்டு கையாலும்தான் தருவார். நானும் கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டிவிடுவேன். மனைவி பார்த்துச் சிரிப்பா.

ஒருமுறை மூன்று கிழமை கடையைப் பூட்டிவிட்டு, சீனாவில் தன் ஊருக்குத் தாயைப் பார்க்கப் போய் வந்தார்.

"அம்மாவோடை ஆறுதலாய் இருந்து கதைச்சீங்களோ?" என்று எனக்குத் தெரிந்த டொச் மொழியில் கேட்டேன்.

"எங்கை கதைக்க விட்டா? ஒருநாள் உப்பு, மற்றநாள் புளிப்புக்கு வினாகிரி எண்டு தெருமுனைக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தா. எல்லாத்தையும் ஒரேயடியாய் வாங்கிக் குடுத்தன். அடுத்தநாள் நூல் வேணுமெண்டு அனுப்பினா."

"வயசு போனால் மறதிதானே" என்றா மனைவி.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். கடைசி நாள்தான் அந்தக் கடைக்காரி சொன்னா: 'உன்ரை அம்மாவுக்கு மகனே இல்லை, சும்மா சொல்லுறா எண்டுதான் இவ்வளவு காலமும் இந்தத் தெருவிலை கதைச்சவை.'"

சொல்லிவிட்டு எங்கள் பயித்தங்காயைத் தராசில் வைத்தார்.

அன்று மாலை முருகன் படத்துக்கு விளக்கேற்றினேன். அந்தத் தாய்க்காக என்ன கேட்பதென்று தெரியவில்லை. மகன் இன்னொருமுறை அந்தத் தெருவால் நடக்க வேணும் என்று மட்டும் கேட்டேன்.