இடப்பக்கமே போன கார்

எங்கள் வீட்டுக் கார் ஒன்று இடப்பக்கமாகவே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டிருந்த காலம் உண்டு. நிஜக் கார் இல்லை. நிஜத்தில் எங்களிடம் இருந்தது உதைத்தால் கிளம்பும் ஒரு ஸ்கூட்டர்தான். இது கம்ப்யூட்டருக்குள் ஓடிய கார். ஓட்டியவர் என் கணவர்.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். அடையாறில் இரண்டு அறை ஃபிளாட்டில் அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்னுடைய எம்.ஃபில். ஆய்வேடு. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த தைல, சோப்பு விளம்பரங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தேன். "அவ படிப்புக்காகத்தான் வாங்கறேன்" என்று மயிலாப்பூரில் இருக்கும் என் மாமியாரிடமும் சொன்னார், என் அப்பாவிடமும் சொன்னார். பெரிய மனசு என்று இரண்டு பக்கமும் மெச்சிக்கொண்டார்கள். படிப்பு காலையில் அவர் ஆபீஸ் போன பிறகு நடந்தது. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கார் ஓடியது.

டிவியில் மாட்டி விளையாடுகிற ஜப்பான்காரப் பெட்டி ஒன்று அப்போது வெளிநாட்டில் பிரபலம். அதை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் கம்ப்யூட்டரை அந்தப் பெட்டி மாதிரி வேஷம் போட வைக்கிற மென்பொருள் ஒன்றை, எமுலேட்டர் என்று பெயர், யாரோ சிடியில் கொடுத்திருந்தார்கள். அவருடைய கிண்டி ஆபீஸில் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கேம்பேடும் வாங்கி வந்து தந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கட்டைவிரலுக்கு ஒரு குட்டிக் குச்சி, காளான் போலத் தலையுடன் நிற்கும். அனலாக் ஸ்டிக். மெல்லத் தள்ளினால் கார் மெல்லத் திரும்பும், விரலை எடுத்தால் குச்சி தானாக நடுவுக்கு வந்துவிடும். இந்த ஒரு நல்ல குணத்தை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் செய்து காட்டுவார். விடுவார், வரும். விடுவார், வரும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கூட்டர், மிக்ஸி, கத்திரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, மானிட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜைப் பலகையில் தன் இன்ஜினீயரிங் புத்தகங்களை அடுக்கி, அதன் உச்சியில் பட்டுத்துணி போட்டு கேம்பேடை உட்கார வைத்தார். நான் என் ஆய்வுக் குறிப்புகளை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

"இது இன்னும் முடியலையே. முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்றார். அதட்டவில்லை. பலகையில் இடம் இல்லை என்கிற சாதாரண விஷயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். கட்டை எடுத்துக்கொண்டு போய்த் துணி அலமாரியில் வைத்தேன். எனக்குச் சுருக்கென்றது. சக்கரைப் பொங்கல் கிண்டுகிற அவசரத்தில் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது வழக்கம். அவர் கேம்பேடை எடுத்து ஒரு ரேஸ் படித்தார். நல்ல நாள் என்பதால் எமுலேட்டரின் புது வெர்ஷனையும் அன்றைக்கே ஏற்றினார். கார் கிளம்பியது, இடப்பக்கம் போனது, சுவரில் முட்டியது. குச்சியிலிருந்து விரலை எடுத்தாலும் அது இடப்பக்கமே போனது.

"புது வெர்ஷன்லதான் கோளாறு" என்றார். பழைய வெர்ஷனுக்குப் போனார். கார் இடப்பக்கம் போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு கமிட்டி உருவானது. அசோக் நகரிலிருந்து அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் வந்தார். மாடி வீட்டிலிருந்து, ரிட்டயரான இன்ஜினீயர் மாமா தன் மூக்குக்கண்ணாடியோடும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடும் இறங்கி வந்தார். கமிட்டிக்குக் காப்பி வேண்டும், டிபன் வேண்டும். தீர்மானங்கள் எல்லாம் என் அடுப்பில்தான் வெந்தன.

விண்டோஸில் காலிபரேஷன் என்று ஒன்று இருந்தது. குச்சியை நான்கு மூலைக்கும் சுழற்றிவிட்டு, நடுவில் விட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் 'இதுதான் நடு' என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளும். செய்தார்கள். கார் நேராகப் போனது. மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். முதல் வளைவில் திரும்பிய கார் அப்புறம் நேருக்கு வரவே இல்லை. மறுபடி காலிபரேஷன், மறுபடி கைகுலுக்கல். மாமா, கேம்பேடின் ஒயர் போய்ச் சேர்கிற சவுண்ட் கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகினார். அதற்குப் பின் ஸ்பீக்கரும் ஊமையானது.

"டிரைவர் சாஃப்ட்வேர்லதான் மேட்டர் கீது மச்சி" என்றார் நண்பர். "அதுவும் இல்லைன்னா டெட் ஸோன். அத்த ஏத்திட்டா குச்சி லைட்டா ஆடறது கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

டெட் ஸோனை ஏற்றினார்கள். காரை எந்தப் பக்கம் திருப்பினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகிற அளவுக்கு ஏற்றிவிட்டு, மறுபடி இறக்கினார்கள். கோளாறு விஜயதசமியிலிருந்துதான் என்பதை என் கணவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆணித்தரமாகச் சொல்வார். மற்ற இருவரும் தலையை ஆட்டுவார்கள். அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் இதையெல்லாம் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன், ஃபார்மட் என்கிற வார்த்தை காதில் விழும்வரை.

அன்றைக்கு அடை வார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து போட்டுடலாம். ஒரு மணி நேர வேலை" என்றார் மாமா. அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"என் நாலாவது சாப்டர் உள்ள இருக்கு. நாளைக்குக் கொடுக்கணும்" என்றேன்.

என் கைடு அம்மாள் ஏற்கெனவே ஒரு முறை தவணை நீட்டித் தந்திருந்தார். திங்கட்கிழமை இந்த நாலாவது, கடைசி அத்தியாயம் மேஜையில் இல்லையென்றால் பதிவு ரத்து, மூன்று வருஷ வேலை அதோடு சரி என்று சொல்லியும் இருந்தார். அதில் இன்னும் ஐந்து பக்கம் பாக்கி.

"ஃபிளாப்பில காப்பி பண்ணிக்கலாம் சிஸ்டர், இன்னாத்துக்கு டென்ஷன்?" என்றார் நண்பர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்து என்பது அந்தந்த ஃபான்ட்டோடு ஒட்டிப் பிறந்தது. தி. நகரில் டி.டி.பி. கடை வைத்திருந்தவர், பலமுறை நடையாய் நடந்து கேட்ட பிறகு, தன் ஃபான்ட்டை, நகலெடுக்க முடியாதபடி பூட்டி, எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்புறம் கடையையே காலி செய்துவிட்டார். அந்த ஃபான்ட் அழிந்தால் என் அத்தியாயம் முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக நிற்கும். இதை விளக்கினேன்.

"பாத்துக்கலாம்மா" என்றார் மாமா. என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சிடியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"மூணு பேரும் முதல்ல சாப்பிடுங்கோ. அடை ஆறிடும்" என்றேன். என் அத்தியாயத்துக்காக ஃபார்மட்டை ஒத்திப்போட மனசில்லாதவர்கள் அடைக்காக எழுந்து போனார்கள்.

நான் கேம்பேடைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக் கையில் எடுத்தேன். அதற்கு முன் அதைத் தொட்டதில்லை. தொட அனுமதியும் இல்லை. குச்சியை இடப்பக்கம் தள்ளிவிட்டு விரலை எடுத்தேன். விடுவார், வரும் என்று காட்டிய அந்தக் குச்சி வரவில்லை. சாய்ந்தே நின்றது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடியில், அது உள்ளே இறங்குகிற வட்டத்தில், சிவப்பாக ஏதோ தெரிந்தது. ஊறுகாய் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தால் குங்குமம் கலந்த சந்தனம்.

மானிட்டருக்கு நெற்றியில் வைத்தவர், இதற்கு எது நெற்றி என்று யோசித்துக் குச்சியின் தலையில் வைத்திருக்கிறார். நன்றாகக் குழைத்து, தாராளமாக. அது வழிந்து இறங்கி, உள்ளே உறைந்து, காய்ந்து, குச்சியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவுதான் டிரைவர், இவ்வளவுதான் டெட் ஸோன்.

பழைய வேஷ்டித் துணியை நனைத்துப் பிழிந்து, தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து அதன் முனையில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். மஞ்சளும் சிவப்புமாக வந்தது. குச்சியைத் தள்ளினேன், விட்டேன். வந்தது.

கேம்பேடை மறுபடி செருகி, அவர்கள் செய்தது போலவே காலிபரேஷனும் செய்தேன். கமிட்டி கை கழுவிவிட்டு வந்தபோது கார் வளைவில் திரும்பி, மறுபடி நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது நான். துணியைக் காட்டி, "சந்தனம்" என்றேன்.

மூவரும் துணியைப் பார்த்தார்கள். "நான் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி டெட் ஸோன மாத்திட்டுத்தான் போனேன். அதான் இப்ப வேலை செய்யுது போல" என்றார் நண்பர். "சந்தனமும் ஒரு காரணமா இருக்கலாம்" என்று என் கணவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எதுக்கும் ஒரு தடவை ஃபார்மட் பண்ணிட்டா நிம்மதி" என்றார்.

நான் காரை நிறுத்தினேன். கேம்பேடை மாமா கையில் கொடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் அத்தியாயத்தைத் திறந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். நான் திரும்பவில்லை. ஐந்து பக்கமும் முடிந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. அடைத் தட்டுகள் அப்படியே கிடந்தன. திங்கட்கிழமை அத்தியாயம் கைடு அம்மாளின் மேஜையில் இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குள் ஆய்வேடு கறுப்பு அட்டையும் பொன்னெழுத்துமாகப் பைண்ட் ஆகி வந்துவிட்டது. அதைப் பலகையின் உச்சியில் நானே வைத்தேன். அவர் அதன் அட்டையில் சந்தனப் பொட்டு வைத்தார். கேம்பேடுக்கு முதுகில் வைத்தார்.

விஜயதசமியன்று காலையில் அவர் கை கேம்பேடுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். ஆய்வேட்டை எடுத்தார். நேராக நன்றியுரைக்குப் போய் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கைடு அம்மாள், நூலகர், ஃபான்ட் கொடுத்த டி.டி.பி.காரர்.

"என் பேரைக் காணுமே?"

"முடிஞ்சதும் வெச்சுக்கலாம்னு இருந்தேன்."

போன வருஷம் தானே சொன்ன வாக்கியம் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பி முதல் அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தார். காப்பி கொண்டுவந்து வைத்தேன், ஆறியது. கூந்தல் தைல விளம்பரம் ஒன்றுக்குத் தனியாகச் சிரித்தார். பாதியில் தலையைத் தூக்கி, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "இத்தனை நாளா இதைத்தான் எழுதிண்டு இருந்தியா?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரே வீட்டில்தான் இருந்தோம், ஒரே கம்ப்யூட்டரில்தான் உட்கார்ந்தோம். ஆறிய காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இதைத்தான்" என்றேன்.