சிரிக்க வைக்காத காவல்காரன்

ரங்கூனில் எடுக்கும் வீடியோ படங்களில் பதினோரு வருடம் நடித்தேன். காவல்காரன், பால்காரன், கடலைக்காரன் என்று வேடம் எதுவானாலும், பர்மிய மொழியைக் கடித்துக் குதறும் இந்தியன்தான் நான். அதே ஊரின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பிறந்த எனக்குப் பர்மியம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் குதறினேன். ஜனங்கள் சிரித்ததைத் திறமை என்று நம்பினேன்.

வீட்டில் வாடகை கேசட் போட்டு ஒரு பிரிட்டிஷ் நடிகரை விடாமல் பார்ப்பேன். நாடக மேடையிலிருந்து வந்தவர். ஒன்றில் சமையல்காரர், இன்னொன்றில் நீதிபதி, வேறொன்றில் ரயில்வே குமாஸ்தா. இரண்டே காட்சிதான் வருவார். அதிலும் முழு மனிதராக நிற்பார்.

ஒருநாள் கூடவே பார்த்த என் மகள் கேட்டாள்: "இவரு சின்ன வேஷத்துலகூட கோமாளித்தனம் பண்ணலியே. நீங்க மட்டும் ஏம்ப்பா பண்றீங்க? ஸ்கூல்ல உங்கள மாதிரி பேசிக் காட்டித்தான் என்னைக் கேலி பண்றாங்க."

மறுநாள் படப்பிடிப்பு. காவல்காரன் வேடம். "ஐயா வரும்வரை கதவைத் திறக்கமாட்டேன்" என்ற வசனத்தைச் சுத்தமான பர்மியத்தில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இயக்குநர் நிறுத்தினார். "ஊலே, வழக்கம்போல கடிச்சுக் குதறிப் பேசுங்க." மூத்தவர்களை இங்கே ஊலே என்றுதான் அழைப்பார்கள்.

"இந்தக் காவல்காரன் இந்த ஊர்ல பொறந்தவன். இப்படித்தான் பேசுவான்."

"அப்ப வேற ஆளத்தான் பாக்கணும்."

"தாராளமா பாருங்க." காக்கிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தேன்.

அதோடு வாய்ப்புகள் நின்றன. போகட்டும். குதறிப் பேசிய கேசட்டுகள் இன்னும் வாடகைக்குப் போகின்றன, அதுதான் வெட்கம். ஒழுங்காகப் பேசிய ஒரே வசனம் எதிலும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் அதைப் பேசிக் காட்டினேன்.

அவளும் சிரிக்கவில்லை.