விரத நாளில் ஒரு மேட்ச்

சுபாங் ஜெயாவில் என் மகள் பந்தாடக் கிளம்புமுன் முழங்காலில் தைலம் தேய்க்கிறாள். அந்த வாசனையோடு நாங்கள் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸும், இதே தைலம் தேய்த்துக்கொண்டு பந்தாடப் போகும் அண்ணனும் நினைவில் வந்துவிடுகிறார்கள்.

சிறுவயதில் அண்ணனுக்கு ஓயாத மூச்சிரைப்பு. திடலில் ஓடியாடித்தான் நெஞ்சு தேறியது. “பந்துதான் எம்புள்ளைய காப்பாத்துச்சு” என்று அம்மா பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். அந்த நன்றிக்குத்தான் அண்ணன் பத்துமலைக்குக் காவடி நேர்ந்துகொண்டான். பொழுது சாயும்வரை தண்ணீர்கூடத் தொடாத விரதம், அவனே வைத்துக்கொண்டது.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், உச்சி வெயிலில் மேட்ச்.

“இன்னிக்கு வேணாண்டா” என்றார் அம்மா.

“ஒரு மேட்ச்தான் லா, ம்மா.”

பாதி ஆட்டத்தில் கூட்டாளிகள் நீட்டிய தண்ணீரையும் மறுத்துவிட்டான். பிறகு ஓடும்போதே விழுந்தான்; எழவில்லை.

சாவு வீடென்று அந்த வருஷம் நாங்கள் மலையேறவில்லை. மயிலிறகு கட்டிய காவடி கூடத்திலேயே நின்றது.

மகளின் பையில் தண்ணீர் வைக்கிறேன்.

“ஏற்கெனவே ரெண்டு போத்தல் இருக்கு லா, ப்பா.”

இருக்கட்டும் என்று மூன்றாவதையும் திணிக்கிறேன்.