இருபதுக்கு ஒன்பது வாங்கிய விடாக்கண்டி

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல. "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ப்ளக்கை யாராவது கழட்டுவாங்களா?" என்றுதான் கேட்டார்.

என் கையில் இருந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. நானே ஐந்து பக்கத்துக்கு எழுதி, நானே மனப்பாடம் செய்த தாள் அது.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த மருந்து நிறுவனம் ஓர் ஊசிமருந்தை வெளியிட இருந்தது. நாடு முழுக்க நாற்பத்து மூன்று பேருக்கு மட்டுமே கண்டறியப்பட்டிருந்த நோய்க்கான மருந்து. நோயின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவர் எங்கள் அலுவலகத்தில் டாக்டர் ஒருவர்தான். மருந்தைத் தயாரித்தால் மட்டும் போதாது. குளிர்ச்சி குறையாமல் வீடு கொண்டு சேர்க்க வேண்டும், ஊசி போட நர்ஸ் அனுப்ப வேண்டும், காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டும், பயந்துபோனவர்களிடம் பேச வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிகளில் மூன்று கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தன. எங்கள் மேலாளர் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"நீ ஒரு நோயாளியோட அக்கா மாதிரி மூணு பேருக்கும் ஃபோன் பண்ணு. எப்படிப் பேசறாங்கன்னு பாத்து மார்க் போடு. முடிவு சொல்ற வரைக்கும் இது டெஸ்ட்டுன்னு யாருக்கும் தெரியக் கூடாது."

எங்கள் வீட்டில் பரீட்சை எழுதி மார்க் வாங்கிய முதல் ஆளே நான்தான். இப்போது போடும் இடத்துக்கும் வந்துவிட்டேன். தலைகால் புரியாமல் இருபது கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணை போட்டேன். இரண்டு மணியடிப்பதற்குள் எடுத்தார்களா, வணக்கம் சொன்னார்களா, ஆறு நிமிடத்துக்குள் முடித்தார்களா என்று வரிசையாக. கூடவே பத்தொன்பது வயதில் ஒரு தம்பியையும் உருவாக்கினேன். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

முதல் ஏஜென்சி பெரியது. ஐந்து நிமிடம் ஐம்பது விநாடியில் முடித்து, நான்கு முறை நன்றி சொன்னார்கள். பத்தொன்பது மார்க். இரண்டாவதில் இயந்திரக் குரல் சொன்ன எண்களை எல்லாம் அழுத்தி, சுற்றிச் சுற்றி மறுபடி வணக்கத்துக்கே வந்து சேர்ந்தேன். பன்னிரண்டு. மூன்றாவது, ஒரு கண்ணாடிக் கடை மாடியில் ஒன்பது பேர் நடத்தும் சின்ன ஏஜென்சி. அங்கே ஃபோனை எடுத்தவர்தான் ப்ளக்கைப் பற்றிக் கேட்டார்.

"அம்மா கழட்டுவாங்க," என்று வாய் தவறி எங்கள் வீட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். "தையல் மெஷினுக்கும் அதே ப்ளக் பாயிண்ட்தான்."

"எத்தனை மணிக்கு?"

"பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும்."

"மூணு மணி நேரமா. மருந்து வீணாப் போயிரும்மா. சரி, அதுக்கு நான் வழி பண்றேன். உங்க வீட்டுல கதவை யாரு திறப்பா? தம்பி ஊசின்னா ஓடுவானா, உக்காருவானா?"

"ஓடுவான்."

"எந்தப் பக்கம்?"

முப்பத்தொரு நிமிடம் பேசினார். படிவத்துக்கு முகவரி கேட்டார். தம்பியைத் தயாரித்த நான் அவனுக்கு ஒரு வீடு தயாரிக்க மறந்திருந்தேன். எங்கள் முகவரியையே கொடுத்தேன். வணக்கம் சொல்லவில்லை, நேரம் ஐந்து மடங்கு, நன்றி கிடையாது. கூட்டிப் பார்த்தால் இருபதுக்கு ஒன்பது.

என் வேலை அதோடு முடிந்தது. அவர் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஃபோன். "தம்பி குளிச்சானா? நேத்து கையில வலின்னு சொன்னியே." முடிவு சொல்ல இன்னும் பத்து நாள் இருந்தது. உண்மையைச் சொல்ல அனுமதி இல்லை. தினமும் அலுவலகக் கழிவறையில் நின்று தம்பியை வளர்த்தேன். மூன்றாம் நாள் அவன் புறா வளர்க்க ஆரம்பித்தான். ஐந்தாம் நாள் ஒரு பரீட்சையில் தேறினான். ஒரு புறா பறந்துபோன செய்தியைச் சொல்லிவிட்டு, நானே ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். எனக்கு என்ன ஆகிறது என்று முகத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். பொய் சொல்வது இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா?

நடுவில் ஒரு நாள் வேறு குரல் வந்தது. "அவங்க பல்லு பிடுங்கப் போயிருக்காங்க. நான் பக்கத்து சீட்டு. அவங்க நோட்டுல எழுதியிருக்கு, உங்க தம்பி காலையில பேசினா எரிஞ்சு விழுவான், அதனால உங்ககிட்டயே கேக்கச் சொல்லி. இன்னைக்கு எப்படி இருக்கான்?"

சனிக்கிழமை நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் அதே குரல் கேட்டது. இந்த முறை நேரில்.

"தம்பி இருக்கானா?"

"எந்தத் தம்பி?" என்றார் அம்மா.

"உங்க பையன்."

"இந்தாம்மா, நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. அது உள்ள குளிக்குது. எனக்குத் தெரியாம எனக்கு ஒரு பையனா?"

ஈரத்தலையில் துண்டோடு ஓடி வந்தேன். வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சற்றுக் குள்ளம். ஒரு கையில் மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி, தோளில் பாம்பு மாதிரி சுற்றிய ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் வயர். நின்ற இடத்திலேயே எல்லா உண்மையையும் கொட்டிவிட்டேன்.

அவர் குளிர்ப்பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்போ யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல?" என்றார்.

"இல்லக்கா."

படியில் உட்கார்ந்து, வயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். "மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. அவன் மொட்டை மாடிக்கு ஓடிட்டா நர்ஸ் எப்படிப் பிடிப்பான்னு. நல்லவேளை, பொறக்கவே இல்ல."

"பேரு என்ன வச்சே?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

"தாள்ல 'நோயாளி மூணு'தான்."

"பெத்த பிள்ளைக்கு நம்பரா?"

"சரி, எனக்கு எவ்ளோ மார்க் போட்டே?" என்றார் அவர்.

சொன்னேன். அம்மாதான் தையல் மெஷினிலிருந்து எழுந்தார். "ஒன்பதா? வீடு தேடி வயரோட வந்தவளுக்கு ஒன்பதா? உன்னைப் படிக்க வச்சது இதுக்குத்தானா?"

அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அவர் தன் கதையைச் சொன்னார். பள்ளிப் படிப்போடு நின்றவர். பதினோரு ஆண்டுகள் ஒரு பார்சல் கம்பெனியில் காணாமல் போன பொட்டலங்களைத் தேடும் வேலை. அனுப்பியவரே மறந்துபோன ஒரு மூக்குக்கண்ணாடியை மூன்று வாரம் துரத்திக் கண்டுபிடித்ததில் விடாக்கண்டி என்ற பட்டம் கிடைத்தது. இப்போது முதலாளி முதல் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். விடுதியில் இருக்கும் மகள், 'சாப்பிட்டேன், தூங்கினேன், உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு செய்தியை எழுதி வைத்து, அம்மா கேட்பதற்கு முன்பே தினமும் அதையே அனுப்பிவிடுகிறாளாம்.

"இந்த வேலை கிடைக்கலேன்னா மாடியைக் காலி பண்றோம்," என்றார், டம்ளரைக் கீழே வைத்து. "உன்னைக் கெஞ்சறேன்னு நினைக்காதே. கேட்டியேன்னு சொன்னேன்." நான் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த முகவரியைக் கொடுத்ததும், டெஸ்ட் என்று உளறியதும் தெரிந்தால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் பத்தொன்பது மார்க் ஜெயிக்கும், அட்டவணைப்படி அதுதான் நியாயம். அந்த நியாயத்தை எழுதியதும் நான்தான்.

திங்கள் காலை, கூட்டத்துக்கு முன்னால், பெரிய ஏஜென்சிக்கு ஃபோன் செய்து தம்பியின் நிலையைக் கேட்டேன். "உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்து வைக்கப்பட்டது," என்றார்கள். தம்பி இன்னும் ஓர் ஊசிகூடப் போட்டிருக்கவில்லை.

கூட்டத்தில் மேடம், டாக்டர், கொள்முதல் அதிகாரி. எல்லாவற்றையும் சொன்னேன், புறாவைத் தவிர. பிறகு அதையும் சொன்னேன். டாக்டர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

கொள்முதல் அதிகாரி, "ஒரே ஒரு அம்மாவை நம்பி நாப்பத்திமூணு பேரை விடச் சொல்றியா? அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா?" என்றார்.

"பல்லு பிடுங்கப் போன அன்னைக்குப் பக்கத்து சீட்டு கூப்பிட்டாங்க சார். தம்பி காலையில எரிஞ்சு விழுவான்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருந்தது."

"இல்லாத தம்பி."

"ஆமா சார். இல்லாத தம்பிக்கே."

டாக்டர் நிமிர்ந்தார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? போன தடவை நாம கொண்டு வந்த மருந்துல பாதி, வீட்டு ஃப்ரிட்ஜ்லதான் கெட்டுச்சு. அதைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு வருஷம் ஆச்சு. இந்தம்மா முதல் கேள்வியிலயே கேட்டிருக்காங்க."

மேடம் என் அட்டவணையை இரண்டாக மடித்தார், பிறகு நான்காக. "ப்ரொபேஷன் இன்னும் மூணு மாசம் நீட்டறேன். முகவரி குடுத்த அறிவுக்கு. இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எழுது. ஏஜென்சி, அந்தக் கண்ணாடிக் கடை மாடிதான். கடிதம் போறதுக்கு முன்னாடி நீயே கூப்பிட்டுச் சொல்லு."

படிக்கட்டில் இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கிக்கொண்டே கூப்பிட்டேன். எதற்காகக் கீழே ஓடினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என் மேசை மேல்மாடியில் இருந்தது.

"கிடைச்சிருச்சுக்கா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ, "என்னவாம்?" என்றார்கள்.

"எத்தனை பேரு?" என்றார் விடாக்கண்டி.

"நாப்பத்திமூணு."

"எல்லாம் நிஜமான ஆளுங்கதானே?"

"நிஜம்க்கா."

"நீ அழறியா சிரிக்கிறியா?"

"தெரியலக்கா."

"முடிவு பண்ணிட்டு நிதானமாச் சொல்லு. அதுக்குள்ள முதல் ஆளோட நம்பரைக் குடு."