நாட்டுக்கு முன் ஊர் அச்சடித்த பணம்

சனிக்கிழமை காலைகளில் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பழைய சாமான்களை ஆற்றங்கரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கைப்பிடி உடைந்த கோப்பை, யாரோ ஒருவருடைய கல்யாணப் படம், ஓடாத கடிகாரம். விற்பவர்கள் ஏழைகளும் அல்லர். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் வீட்டுச் சாமானைத் தெருவில் வைத்து விற்றால், அந்தக் குடும்பம் நொடித்துவிட்டது என்றே பேசுவார்கள். அப்படி ஒரு கடையில்தான் பிஸ்கட் டப்பா நிறையக் காகிதப் பணத்தைப் பார்த்தேன். பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிய தாள்கள். "நோட்கெல்ட்" என்றாள் கடைக்காரப் பெண்மணி. கெல்ட் என்றால் பணம் என்று தெரியும். எனவே, "ஆமாம், நோட்டுதான், பார்த்தாலே தெரிகிறதே" என்றேன். அவள் தலையை ஆட்டி, "நோட், நோட்" என்று அழுத்திச் சொன்னாள். ஆங்கிலத்து 'நாட்'டைச் சொல்லி, இது செல்லாது என்று எச்சரிக்கிறாளாக்கும் என்று நினைத்து, "செல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்றேன். கடைசியில் அவள் வயிற்றைத் தொட்டுக்காட்டி, வெறுங்கையை விரித்தாள். நோட் என்றால் அவர்கள் மொழியில் இல்லாமை, நெருக்கடி. அது நெருக்கடிக்காலப் பணம்.

முதல் உலகப்போர் முடிந்தபோது பெரிய சாம்ராஜ்யங்கள் உடைந்து, போலந்து, லாத்வியா என்று புதுப்புது நாடுகள் பிறந்தன. கொடி ஏற்றியாயிற்று, ஆனால் கடையில் ரொட்டி வாங்கச் சில்லறை இல்லை. அப்போது பல ஊர்களில் நகராட்சிகளே உள்ளூர் அச்சகத்தில் தாள் அடித்து, தலைவர் கையெழுத்துப் போட்டு, இதுதான் பணம் என்று புழங்கவிட்டன. அச்சு இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் என்பதால் எழுத்துகளைத்தான் முதலில் கவனித்தேன். அந்த டப்பாவில் இருந்த, லாத்வியாவின் ஒரு சிறு நகராட்சித் தாளில் ஒரே வாசகம் மூன்று மொழிகளில் இருந்தது: லாத்விய மொழி, ஜெர்மன், ருஷ்யன். ருஷ்ய எழுத்து போதாமல் அச்சுக்கோத்தவன் ஓரிடத்தில் வேறொரு எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துச் சமாளித்திருந்தான். யாரையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்த ஊர் அது. அந்தத் தாளோடு தொடங்கிய சேகரிப்பு இன்று ஒரு அலமாரியை நிறைத்திருக்கிறது.

எனக்கு அந்தத் தாள் புதிதாகவே தோன்றவில்லை. நகரிக்கு அருகில், தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்துவந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தபோது எங்கள் வீடு சென்னை மாகாணத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் போகையில் ஆந்திர மாநிலம். பிறகு அதுவே ஆந்திரப் பிரதேசம். எல்லை எங்கே என்று முடிவாகாமல் ஊர் காத்திருந்த வருஷங்களில், மக்களை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நைனா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பா களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார்.

"மீரு அரவமா, தெலுகா?" என்று அதிகாரி கேட்டார். தமிழா, தெலுங்கா என்று.

நைனா நிமிர்ந்து, தெளிவான தெலுங்கில், நாங்கள் தமிழர்கள் என்று விளக்கமாகப் பதில் சொன்னார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். அவர் போனபிறகு அம்மா கேட்டாள்: "இன்னாத்துக்குத் தெலுங்குல சொன்ன? தப்பா எழுதிக்கினு போய்ட்டா?"

"அவரு கேட்ட பாஷைல சொன்னாத்தான அவருக்குப் புரியும்" என்றார் நைனா. "ரெண்டும் தெரியும்னு சொல்றதுல நமக்கு இன்னா கொறை?"

அந்தக் குரலில் இருந்த மிடுக்கு எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின. திருப்பதியில் கல்லூரியில் படித்தபோது நான் அரவவாடு, அதாவது தமிழன். அச்சுத்தொழில் கற்கச் சென்னைக்குப் போனால் கொல்ட்டி, தெலுங்கன். இங்கே வந்தபிறகுதான் வெறும் இந்தியன் ஆனேன். அது கொஞ்சம் ஓய்வாகக்கூட இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் சேகரிப்பாளர் சங்கம் நகர மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைத்தது. என் தாள்களுக்கு ஒரு பலகை ஒதுக்கினார்கள். முதல் நாள் செயலாளர் கிராவுஸ் வந்து, லாத்வியத் தாளின் மேல் நான் வைத்திருந்த தலைப்பைப் பார்த்து முகம் சுளித்தார். அதில் ஊரின் பெயர் மட்டுமே இருந்தது.

"ரூபிள் என்று போட்டிருக்கிறது. ருஷ்யாவின் கீழ் வையுங்கள்."

"அடித்தது ருஷ்யா இல்லையே."

"அப்படியானால் லாத்வியா. அந்த நாடு அப்போது சரியாக உருவாகவில்லை என்பார்கள். எதுவானாலும் ஒரு நாட்டின் பெயர் வேண்டும்."

"நாடு உருவாகாதபோதும் ஊர் இருந்ததே, ஹெர் கிராவுஸ். அந்த ஊர்தான் இதை அடித்தது."

விதி என்று ஒன்று இருப்பதாக அவர் சொன்னார். அப்படியானால் என் பலகையை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் திருகாணியைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். இரண்டாவது திருகாணி கழன்றதும் அவர் கையமர்த்தினார். பிறகு, "நீங்கள் எங்களைவிடப் பிடிவாதக்காரர்" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைப்பு அப்படியே இருந்தது.

மறுநாள் மதியம் மில்டா என்ற வயதான பெண்மணி அந்தப் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். இரண்டாம் போரின்போது லாத்வியாவிலிருந்து தப்பி வந்தவர். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிமேல் விரல் வைத்து ஒரு வரியை உரக்க வாசித்தார். முதலில் அவருடைய மொழி, பிறகு ஜெர்மன், பிறகு ருஷ்யன். திரும்பி, "இந்தத் தலைப்பை வைத்தது யார்?" என்று கேட்டார்.

குறை சொல்ல வருகிறார் என்று நினைத்து, "நான்தான், மன்னியுங்கள்" என்றேன்.

"ஏன் மன்னிக்க வேண்டும்? என் காகிதங்களில் பிறந்த இடம் என்று சோவியத் ஒன்றியத்தை எழுதுகிறார்கள். நான் பிறந்தபோது அது அங்கே இல்லை. என் ஊரைத் தனியாக ஒரு சுவரில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

என் கதையைச் சொன்னேன். சென்னை மாகாணம், ஆந்திர மாநிலம், ஆந்திரப் பிரதேசம்.

"இத்தனை முறை வீடு மாறினீர்களா?"

"இல்லை. வீடு அங்கேயேதான் இருந்தது."

அவர் சிரித்தார். அழுகையும் அதில் கொஞ்சம் இருந்தது. கண்காட்சி முடிந்ததும் தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முகர்ந்து பார்த்தார். அவருடைய அப்பா ரொட்டி சுடுபவராம். மற்றக் கடைக்காரர்கள் தயங்கியபோது முதலில் இந்தத் தாளுக்கு ரொட்டி கொடுத்தவராம். திருப்பி என்னிடமே நீட்டினார். "எனக்குப் பிறகு இதை வாசிக்க ஆளில்லை. உங்களிடம் இருந்தால் தலைப்போடு இருக்கும்." அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இந்த நாட்டில் கிடைத்ததில்லை.

அந்தக் கோடையில், ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த என் சின்ன மகளோடு ஊருக்குப் போனேன். திருப்பதியில் பஸ் ஏறி, வடமாலபேட்டை தாண்டியதும் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்து காதில் விழத் தொடங்கின. எல்லை முடிவானபோது எங்கள் வீடும் கிணறும் ஆந்திராவில் நின்றன; கழனியில் பாதி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நடுவில் ஒரு எல்லைக்கல். இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் பாய்கிறது. மகள் மாம்பழத்தைக் கடித்தபடி அந்தக் கல்மேல் ஏறி, பக்கத்துக்கு ஒரு காலாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"கல்லு காயுது, எறங்கு பாப்பா" என்றார் நைனா.

அவளுக்குப் புரியவில்லை. தெலுங்கிலும் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜெர்மனில் சொன்னேன். அவள் இறங்கி, வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளிக் கல்மேல் தெளித்துவிட்டு, மறுபடியும் அதே மாதிரி ஏறி உட்கார்ந்தாள்.