சத்தியம் செய்யாத ரூத் அக்கா

ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே "வலிக்காது" என்று சொல்லக் கற்றுக்கொள்கிற தொழில் எங்களுடையது. நீங்களும் நர்ஸாக இருந்தால், அதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளிடம் வாங்கிய உதைகள் உங்களுக்கும் நினைவிருக்கும்.

நான் வேலை செய்வது பர்மாவில், யாங்கூனை அடுத்த தன்லியின் என்ற ஊரில், சந்தைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய கிளினிக்கில். வீடு தின்கன்ஜூனில். காலையில் பஸ் பிடித்து, பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வருவேன். என்னோடு இருக்கும் மூத்த நர்ஸ் ரூத் அக்கா இந்த ஊர்க்காரர். மலைநாட்டுச் சின் இனத்தவர், மெனோனைட் சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்தவர்களில் அது ஒரு சிறிய பிரிவு. ஆயுதம் தொடமாட்டார்கள். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அதற்கு மேல் பேச்சு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவரோடு ஒரே அறையில் வேலை செய்து பார்த்தால்தான் தெரியும்.

அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேசியதெல்லாம் பர்மிய மொழியில்; இங்கே தமிழில் எழுதுவது நான்.

வலிக்கும்

ஒரு நாள் காலை, ஒரு சிறுமி ஊசிக்குப் பயந்து மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கன்னத்தில் அவள் அம்மா பூசிவிட்ட தனகா மரப்பட்டைச் சாந்து கண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. நான் குனிந்து, வலிக்கவே வலிக்காது, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று கெஞ்சினேன். இன்னும் உள்ளே தள்ளிப் போனாள்.

ரூத் அக்கா தரையில் உட்கார்ந்தார். வலிக்கும், ஆனால் கொஞ்ச நேரம்தான், வலிக்கிற வரைக்கும் என் கையை எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கு என்றார். சிறுமி யோசித்தாள். பிறகு வெளியே வந்து, கையை நீட்டி, அக்காவின் விரல்களை முறுக்கிப் பிழிந்தாள். எல்லாம் முடிந்து கதவு வரை போனவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "உங்களை எறும்பு கடிச்சதே இல்லையா?"

டாக்டர் இருக்கிறாரா?

மருந்துக் கம்பெனி ஆட்கள் வந்தால் எங்கள் டாக்டர் உள்ளறையிலிருந்து கையை ஆட்டுவார். "நான் இல்லை என்று சொல்" என்பது அதன் பொருள். நான் சொல்லிவிடுவேன். ரூத் அக்கா வரவேற்பில் இருக்கும் நாட்களில் அது நடக்காது. இருக்கிறார், ஆனால் உங்களைப் பார்க்க விரும்பவில்லை என்பார் புன்னகையோடு. வந்தவர் வாசலில் கிடக்கும் டாக்டரின் செருப்பைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துகொள்வார்.

சில வாரங்கள் டாக்டர் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள், வாசலில் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆள் தெரிந்ததும், லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தார். "இருங்க ஸயாமா, நான் வெளியே போய் வெயில்ல நிக்கிறேன், அப்புறம் சொல்லுங்க."

நர்ஸையும் ஆசிரியையையும் இந்த ஊரில் ஸயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் கூப்பிட்ட விதத்தில் அன்று கொஞ்சம் மரியாதையும் நிறைய அலுப்பும் இருந்தன.

மடியில் ஒரு பாதம்

ஜைத்தூன் பீவி பஸ் நிறுத்தத்தில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. காய்ந்த எண்ணெய் காலில் கொட்டியதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க அடுப்பின் முன் நின்றிருக்கிறார். எங்களிடம் வந்தபோது வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன.

இந்த ஊரில் பாதம் என்பது மடக்கி மறைத்துவைக்க வேண்டியது. யாரை நோக்கியும் நீட்டக் கூடாது. ரூத் அக்கா பீவியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தைத் தன் மடியில் விரித்த துணியின் மேல் எடுத்து வைத்துக்கொண்டார். பீவி பதறிக் காலை இழுத்துக்கொண்டார். சீழ் வடிகிற காலம்மா, மேசை மேல வையி என்றார். அக்கா விடவில்லை. எங்கள் சபையில் வழிபாட்டின்போது பெண்கள் ஒருவர் காலை ஒருவர் கழுவிவிடுவோம், எனக்குப் பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே உப்புநீரை ஊற்றினார்.

 பீவி என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "ஏன் மாலா, எம் மருமவளை இவங்க சபையில சேர்த்துக்குவாங்களா?"

ஆனாடே

ஒரே ஒரு வாரம் கட்டுப் போட்டுப் பார்த்த டாக்டர், இனி இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே யாங்கூன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் விரல்களை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்றார். பீவியின் மகன் சலீம் எங்களைத் தனியே அழைத்தான். ஆஸ்பத்திரியில் வெறும் மருந்து வைத்துக் கட்டத்தான் போகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்றான். நான் தலையாட்டிவிட்டேன். அடுத்தவர் மனம் நோகுமே என்று முகத்துக்கு நேரே சொல்ல வராத கூச்சத்துக்குப் பர்மிய மொழியில் ஆனாடே என்று பெயர். எங்கள் தமிழிலும் அது எப்போதோ கலந்துவிட்டது.

நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றார் ரூத் அக்கா. பீவி உடனே கேட்டார். எவ்வளவு வெட்டுவார்கள் என்றுதான் கேட்டார். இரண்டு விரல் போகும், ஆனால் அதற்கு மேல் போகாது என்று என்னால் சொல்ல முடியாது என்றார் அக்கா. சலீம் சுவரில் சாய்ந்து அம்மாவையும் ரூத் அக்காவையும் பார்த்தான். "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தனே ஆனாடே படுறேன்."

சத்தியம்

பீவி போக மறுத்துவிட்டார். அவருடைய தெருவில் ஒருவர் விரலுக்கென்று போய் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்திருந்தார். நின்று பரோட்டா போட முடியாவிட்டால் நான் எதற்கு என்றார். சலீம் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான், விரலைக்கூடத் தொட மாட்டார்கள் என்று. பீவி அவனைப் பார்க்கவே இல்லை. நேற்றைய குருமாவை இன்றைக்கு வைத்தது என்று சத்தியம் பண்ணி விற்கிறவன் இவன் என்று என்னிடம் சொன்னார்.

பிறகு ரூத் அக்காவைக் காட்டினார். இவள் தன் ஆண்டவர் மேல் சத்தியம் பண்ணட்டும், இரண்டு விரலோடு நின்றுவிடும் என்று. பண்ணினால் இப்போதே கிளம்புகிறேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா தலையை அசைத்தார். நடக்கப்போவது எனக்குத் தெரியாது; தெரிந்தாலும் எங்கள் ஆட்கள் சத்தியம் செய்வதில்லை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வார்த்தைதானே அக்கா, அதில் ஒரு கால் பிழைக்குமே என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்காமல் பீவியைப் பார்த்துச் சொன்னார்: "சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், இதுவரை நான் சொன்னதெல்லாம் என்ன?"

பீவிக்குப் பர்மிய மொழி நன்றாகவே தெரியும். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கட்டுப் போட்ட காலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவள் என் கூட வருவாளா என்று கடைசியில் என்னிடம் கேட்டார். அதை மொழிபெயர்த்தேன். "லாமே" என்றார் அக்கா. வருவேன் என்று பொருள். பீவி மகனிடம் டாக்ஸி பிடிக்கச் சொன்னார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து பீவி கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றிச் சலீமும் மருமகளும் நானும் நின்றிருந்தோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னோம். பீவி எங்களையும் பார்க்கவில்லை, போர்வைக்குக் கீழே தன் காலையும் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற ரூத் அக்காவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரல் போய்விட்டது, பாதம் இருக்கிறது என்றார் அக்கா. பீவி கண்களை மூடிக்கொண்டார். "அப்ப ரெண்டு விரலுக்கு மட்டும் அழுதாப் போதும்."

பொய்யே சொல்லாத ஒருவரோடு வேலை செய்வது பெரிய பாக்கியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் பெண்களும் லுங்கி கட்டும் இந்த ஊரில், என் புது லுங்கி எனக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் டாக்டரிடம்தான் கேட்டுக்கொள்கிறேன்.