சிவஞானத்தின் கிட்டாரும் நான் சொன்ன புத்தியும்

பதுளை பஜாரில் என் ரேடியோ திருத்தும் கடைக்கு வருகிறவர்கள், "ஜௌபர் நானா, அந்தக் கிட்டார்க்காரன் எங்கே?" என்று இன்னும் கேட்பதுண்டு. உள்ளே சால்டர் வைத்துக்கொண்டிருக்கும் நரைத்த தாடிக்காரனைக் காட்டுவேன். நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன!

சிவஞானம் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். தேயிலை ஃபெக்டரியில் வயர் வேலை. 1966இல் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை வீசிவிட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கரண்ட் கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைதான் அவனுக்குப் பள்ளிக்கூடம். பழைய வால்வு ரேடியோ ஒன்றை அதற்கு ஆம்ப்ளிஃபயராக்கிக் கொடுத்தேன். படுபாவி, என் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்துவிட்டான்! அடிக்கக் கை ஓங்கினேன். அவன் கம்பியைத் தட்டினான்.

கிழிந்த காகிதத்திலிருந்து கறகறவென்று ஓர் உறுமல். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிக்கும் தப்பு மேளத்தைப் போல ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்தான். அதன்மேல் ஒரு சுரத்தை இழுத்து, வளைத்து, எங்கேயோ கொண்டுபோனான். ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டேன். எதிர்க்கடை தாஸிம் ஓடிவந்து, "என்ன ஜௌபர், பேய் ஓட்டுறீங்களா?" என்றார்.

அறுபத்தொன்பதில் துரைமார் கிளப்புக்குக் கொழும்பிலிருந்து ஒரு பேண்ட் வந்தது. சைக்கடெலிக் ராக் என்று நோட்டீஸ். அவர்களுடைய கிட்டார்க்காரனுக்குக் காய்ச்சல். நான் போய் அதன் தலைவன் டைரனிடம் சிவஞானத்தைப் பற்றிச் சொன்னேன். முந்தின வாரம் அதே கிளப்பின் பின்வாசல் வழியாகப் போய் பல்ப் மாற்றியவன் அன்று மேடையில் ஏறினான். அவன் வாசித்த வாசிப்பில் சின்னத் துரைமார் மேசை மேல் ஏறி ஆடினார்கள். டைரன் அவனை விடவில்லை. அதன்பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் கொழும்புக்கு ரயில். எங்கள் சிவஞானத்துக்கு அங்கே கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல்!

அந்தச் சமயத்தில்தான் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் பாரம் வந்தது. தோட்டத்துச் சனத்துக்கு அப்போது எந்த நாடும் சொந்தமில்லை. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. இந்தியாவா, சிலோனா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவன் அம்மா கருப்பம்மா, "நம்ம பொறந்த இந்த எடத்துக்கே போடுவோம்ப்பா" என்றாள். தங்கச்சி வேலாயியும் அதையே சொன்னாள். அவன் பாரத்தை என்னிடம் கொண்டுவந்தான். என் வாய் சும்மா கிடக்குமா?

"சிலோனுக்குப் போட்டா எப்ப பதில் வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். இந்தியாவுக்குப் போடு. அவங்க சுருக்கா பாஸ்போட் குடுப்பாங்க. டைரன் ஆக்களோட நீ ஊர் ஊரா போகலாம்" என்றேன்.

யோசித்தான். போட்டான். அம்மாவும் தங்கையும் சிலோனுக்குப் போட்டார்கள்.

எழுபத்திரண்டில் டைரனுக்கு பெய்ரூட்டில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து அழைப்பு. ஆறு மாதம். எல்லாரிடமும் பாஸ்போர்ட் இருந்தது, இவனைத் தவிர. அவனும் நானும் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றோம்.

"ஒங்க முறை வந்தா கடிதம் வரும்" என்றார் குமாஸ்தா.

"அப்ப சிலோனுக்கு மாத்திக்கலாங்களா?" என்று சிவஞானம் கேட்டான்.

"தேதி முடிஞ்சு போச்சே தம்பி."

டைரன் வேறொருவனைக் கூட்டிப்போனான். என்ன செய்வான், பாவம்.

பாஸ்போர்ட் வந்தது. எப்போது? எண்பத்து மூன்று தை மாதம்! அவனுக்கு வயது முப்பத்தைந்து. இன்ன தேதிக்குள் நாட்டை விட்டுப் போ என்று அதில் முத்திரை. தோட்டத்து வேலைப் பதிவில் அவன் பேரை வெட்டினார்கள். அம்மா அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தாள். அவன் குடியிருந்த லயக் காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். ஆடியில் தமிழருக்கெதிரான கலவரம் வந்து பஜாரில் அவர்கள் கடைகள் எரிந்தன. நாலு நாள் அவனை என் வீட்டில் ஒளித்து வைத்திருந்தோம். பயணத்துக்கு அவன் முறை வருவதற்குள், மறு வருஷம் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. அங்கேயும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. தேதி கடந்த பாஸ்போர்ட்டோடு என் கடைக்குப் பின்னால் வந்து தங்கினான்.

"ஒருக்கா வாசியேன்டா" என்று கெஞ்சினேன்.

"வாசிச்சா யாராச்சும் கேப்பாங்க நானா. கேட்டா யாரு, எந்த ஊருன்னு விசாரிப்பாங்க" என்றான்.

ரேடியோவில் பாட்டு வந்தால்கூட சத்தத்தைக் குறைப்பான். நான் கோபக்காரன். கோபத்தை யார்மேல் காட்டுவது? பெண்சாதி ஜெனீராமேல் காட்டினேன். அவள் ஒருநாள் திருப்பிக் கேட்டாள்: "புத்தி சென்னது நீங்க, ஏச்சு எனக்கா?"

எண்பத்தைந்தில் வேலாயிக்குச் சிலோன் பிரஜாவுரிமை கிடைத்தது. பாஸ்போர்ட்டும் எடுத்தாள். குவைத்தில் வீட்டு வேலை. பதுளை தாண்டிப் பழக்கமில்லாத பெண் பஸ் ஸ்டாண்டில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"எனக்குப் போகவே புடிக்கல அண்ணே. எனக்குப் பதிலா நீ போக முடியாதா?"

சிவஞானம் அவள் பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். சிரித்தபடியே திருப்பிக் கொடுத்தான். பெட்டியை ஏற்றிவிட்டான். பஸ் வளைவில் மறையும்வரை கையாட்டினான்.

எனக்குத் தாங்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிருடா" என்றேன். எல்லாம் தலைவிதி நானா என்பான், நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க என்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"நீங்க அன்னிக்குச் சும்மா இருந்திருக்கலாம் நானா" என்றான்.